போர்க்களத்துக்கு வாலிபர் யாத்திரை: எதற்கு? எப்படி?

1944-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி, பிரான்சு தேசத்தின் வடகரையான நார்மண்டியில் அமெரிக்க, இங்கிலீஷ், கனடா துருப்புகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் கடல் வழியாகவும் ஆகாய வழியாகவும் வந்து இறங்கினார்கள். அன்று ஒரே நாளில் இறங்கியவர்கள் சுமார் 1,56,000 பேர். வந்த கப்பல்களும் படகுகளும் சுமார் 7,000. நேசநாட்டுத் தரப்பில் அன்றைக்குச் செத்தவர்கள் என்று பெயர் பெயராகக் கணக்கெடுக்கப்பட்டவர்கள் மாத்திரம் 4,414 பேர். அதன் பிறகு ஆகஸ்டு கடைசி வரை நடந்த சண்டையில் அதே தரப்பில் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். ஜெர்மானியர் செத்த கணக்கு தனி. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, துப்பாக்கியையே தொடாமல் செத்துப்போன நார்மண்டி ஜனங்கள் சுமார் 20,000 பேர்.

அந்தக் கடற்கரைக்கு இன்று இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, கனடா முதலிய தேசங்களிலுள்ள பள்ளிக்கூடங்களும் வாலிபர் சங்கங்களும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சண்டை நடந்த இடங்களையும், அங்கே கட்டப்பட்டிருக்கும் காட்சிச்சாலைகளையும், கல்லறைகளையும் காட்டுகிறார்கள். இது செய்ய வேண்டிய காரியமா, வேண்டாத காரியமா என்பதைப் பற்றியும், செய்வதானால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியது அவசியம் என்று கருதுகிறோம்.

ஆட்சேபணைகள்

"செத்துப்போனவர்கள் செத்துப்போனார்கள். பழைய பகையைக் கிளறுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். பகையை மறப்பது வேறு, காரணத்தை மறப்பது வேறு. ஒரு வீடு தீப்பற்றி எரிந்தால், கொளுத்தினவன் மேல் ஆயுள் முழுவதும் கறுவிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் தீ எப்படிப் பற்றியது என்று விசாரிக்காதவன் மறுபடியும் ஓலைக் கூரையடியில்தான் அடுப்பு மூட்டுவான்.

"சின்னப் பிள்ளைகளுக்குச் சாவைக் காட்டலாமா?" என்பது இரண்டாவது ஆட்சேபணை. பதினான்கு, பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம் என்று நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்த வயதைத் தாண்டினவனிடம் மூன்று நான்கு வருஷத்தில் எந்த சர்க்காரும் வந்து "துப்பாக்கி எடு" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும்போது அவன் கேட்க வேண்டிய கேள்விகளை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? சினிமாவில் அவன் பார்க்கும் யுத்தத்தில் கதாநாயகன் சாவதில்லை. கல்லறையில் கதாநாயகன் என்று ஒருவனும் இல்லை.

"யுத்தம் ஆண்பிள்ளை சமாச்சாரம், பெண்களுக்கு அங்கே என்ன வேலை?" என்பது மூன்றாவது. இது வெறும் அறியாமை. ஜெர்மானியரின் இரகசியத் தந்திகளை உடைத்துப் படித்த பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் வேலை செய்தவர்களில் நாலில் மூன்று பங்கு பெண்கள். நார்மண்டியில் குண்டு விழுந்து செத்த குடிஜனங்களிலும் பெண்கள் ஏராளம். சாவதற்குப் பெண் வரலாம், அதைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெண் வரக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

ஆகவே போகத்தான் வேண்டும் என்பது நமது முடிவு. ஆனால் புண்ணிய க்ஷேத்திரத்துக்குப் போவது போலப் போனால் போகாமலிருப்பதே மேல். க்ஷேத்திரத்துக்குப் போகிறவன் கேள்வி கேட்பதில்லை. ஸ்தல புராணத்தைக் கேட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, பொம்மை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். போர்க்களத்துக்கும் ஸ்தல புராணக்காரர்கள் உண்டு, பொம்மைக் கடைகளும் உண்டு.

புறப்படுமுன்

போகிறதற்கு நாலு மாதம் முன்னதாகவே வேலை தொடங்க வேண்டும். முதல் வேலை பணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை போவது, இல்லாத வீட்டுப் பிள்ளை "எனக்கு இஷ்டமில்லை" என்று பொய் சொல்லி நின்றுகொள்வது என்ற அவமானம் எந்த வாலிபர் சங்கத்திலும் நடக்கக்கூடாது. எல்லோரும் சேர்ந்து ஒரே பெட்டியில் பணம் சேர்க்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பொருளாளருக்கு மாத்திரம் தெரிந்தால் போதும்.

இரண்டாவது வேலை படிப்பு. வாரம் ஒரு நாள் கூடி, ஒரு தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த யுத்தம் ஏன் வந்தது, ஹிட்லர் எப்படி அதிகாரத்துக்கு வந்தான், பிரான்சு 1940-ல் எப்படி விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு, அதற்கு விடை தேடுவதற்காகவே அங்கே போக வேண்டும். கேள்வியில்லாமல் போகிறவனுக்கு அங்கே கடலும் மணலும்தான் தெரியும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படக்கூடாது. இறங்கின அய்ந்து கடற்கரைகளும் (யூட்டா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, ஸ்வோர்ட் என்று பெயர் வைத்தார்கள்) சுமார் 80 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. வழி நெடுகக் காட்சிச்சாலைகள். ஒரு நாளைக்கு ஒரு காட்சிச்சாலை, ஒரு களம், ஒரு கல்லறை என்பதற்கு மேல் வைத்தால், மூன்றாவது நாள் பிள்ளைகள் பீரங்கியைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள்.

தோல்வியிலிருந்து தொடங்குங்கள்

நேரே வெற்றி பெற்ற இடத்துக்குப் போகாமல், முடிந்தால் முதலில் தியெப் துறைமுகத்துக்குப் போக வேண்டும். 1942 ஆகஸ்டு 19-ந் தேதி சுமார் 6,000 பேர் அங்கே இறக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 5,000 பேர் கனடாக்காரர். சில மணி நேரத்தில் கனடாக்காரர் மாத்திரம் 900 பேருக்கு மேல் செத்தார்கள், அதைப்போல் இரண்டு மடங்குக்கு அதிகமானவர்கள் சிறைப்பட்டார்கள். கோட்டை கட்டிய துறைமுகத்தை நேரே தாக்கிப் பிடிக்க முடியாது என்ற பாடம் அந்தப் பிணங்களின் மேல் எழுதப்பட்டது. அதனால்தான் 1944-ல் துறைமுகத்தையே பெட்டி பெட்டியாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் காங்கிரீட் பெட்டிகள் இன்றும் அரோமாஞ்ச் ஊருக்கு எதிரே கடலில் நிற்கின்றன.

அதுபோலவே இங்கிலாந்தில் டெவன் மாகாணத்துக் கடற்கரையான ஸ்லாப்டன். அங்கே சுமார் 3,000 குடிஜனங்களை வீடு வாசலை விட்டு வெளியேற்றிவிட்டு, இறங்குவதற்கு ஒத்திகை பார்த்தார்கள். 1944 ஏப்ரல் 28-ந் தேதி இருட்டில் ஜெர்மன் படகுகள் புகுந்து டார்ப்பிடோ விட்டதில் சுமார் 750 அமெரிக்கர் செத்தார்கள். ஒத்திகையில் செத்தவர்கள்! விஷயத்தை அப்போது வெளியே விடவில்லை. வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்படிப்பட்ட சாவுகளைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிறகு போர்ட்ஸ்மவுத். அங்கே இதற்கென்றே 1984-ல் ஏற்பட்ட காட்சிச்சாலை இருக்கிறது. டாங்கிகளை ஏற்றிச் சென்ற படகு ஒன்று முழுசாக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கப்பலேறினால், பகலில் சுமார் ஆறு மணி நேரத்தில் ஸ்வோர்ட் கடற்கரையின் ஓரத்திலேயே இறங்கலாம். அந்த ஆறு மணி நேரத்தில் சீட்டாட விடாமல், அன்று அலையில் வாந்தியெடுத்துக்கொண்டு போனவர்களின் வயது என்ன என்று கேட்க வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள்.

நாள் பார்த்த கதை

இந்தப் படையெடுப்புக்கும் நாள் பார்த்தார்கள்! ஆனால் பஞ்சாங்கக்காரனைக் கூப்பிட்டு ராகுகாலம், எமகண்டம் பார்க்கவில்லை. ஜெர்மன் தளபதி ரோமெல், வெள்ளம் ஏறியிருக்கும்போது படகுகள் வந்து மோதட்டும் என்று மணலில் இரும்பு முட்டுக்கட்டைகளை நட்டு வைத்திருந்தார். ஆகவே வற்றிய கடல் ஏறத்தொடங்கும் சமயமாய் இருக்க வேண்டும், அது விடியற்காலையாய் இருக்க வேண்டும், முந்தின இரவு ஆகாயத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கு நிலவும் வேண்டும். இவ்வளவும் சேர்ந்து வரும் நாட்கள் ஜூன் 5, 6, 7 தான். இந்தக் கணக்கை லிவர்ப்பூலில் ஆர்தர் டூட்சன் என்னும் கணித அறிஞர், கடலின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும் சக்கர யந்திரத்தைச் சுற்றிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். வெள்ளம் மேற்கில் முன்னே ஏறுகிறபடியால், அமெரிக்கர் காலை 6.30 மணிக்கும் கிழக்கே இங்கிலீஷ்காரர் சுமார் ஒரு மணி பிந்தியும் இறங்கினார்கள்.

5-ந் தேதிக்கு வைத்திருந்த நாளைப் புயல் கெடுத்தது. சீதோஷ்ண நிபுணர் ஜேம்ஸ் ஸ்டாக், 6-ந் தேதி கொஞ்ச நேரம் காற்று தணியும் என்று சொன்னார். அதை நம்பி சேனாதிபதி ஐசனோவர் உத்தரவு கொடுத்தார். இந்தக் காற்றில் எவனும் வரமாட்டான் என்று எண்ணி ரோமெல் தன் மனைவியின் பிறந்த நாளுக்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அந்த மூன்று நாளையும் விட்டிருந்தால் அடுத்து வெள்ளக் கணக்கு ஒத்து வருவது ஜூன் 19-ந் தேதியை ஒட்டித்தான். அந்த 19-ந் தேதி எழும்பிய பெரும் புயல் நாலு நாள் அடித்து, ஒமாஹாவில் கட்டிய செயற்கைத் துறைமுகத்தையே உடைத்தெறிந்தது.

இதைத் "தெய்வச் செயல்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஜெர்மன் தரைப்படைச் சிப்பாயின் அரைக்கச்சைக் கொளுவியில் "கடவுள் நம்மோடு" என்று பொறித்திருந்தது. எதிர்த்தரப்பில் அன்று மாலை அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரேடியோவில் பிரார்த்தனை செய்தார். இங்கிலாந்து அரசரும் பிரார்த்தனைக்கு அழைத்தார். இரண்டு தரப்பும் ஒரே விலாசத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டவன் பக்கம் பலித்தது. இதைக் கடற்கரையில் வைத்து, கையில் வெள்ளக் கணக்குப் பட்டியலோடு சொல்லிக் காட்ட வேண்டும். அந்தப் பட்டியல் வேறு விதத்திலும் அவசியம். அரோமாஞ்சில் அந்தப் பெட்டிகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்று நடந்து போகிறவர்களுக்கு வெள்ளம் சீக்கிரத்தில் திரும்பி வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மணலிலோ வயலிலோ துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் கையால் தொடக்கூடாது என்பதையும் கண்டிப்பாய்ச் சொல்லி வைக்க வேண்டும். எண்பது வருஷம் ஆனாலும் வெடிக்கிற குண்டு வெடிக்கும்.

வாலிபர் சங்கமே கொலைகாரனை வளர்த்த கதை

எங்கே போனாலும் போகாவிட்டாலும், கான் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஆர்தென் மடத்துக்கு அவசியம் போக வேண்டும்.

ஹிட்லர் ஆட்சியில் "ஹிட்லர் வாலிபர்" என்றொரு சங்கம் இருந்தது. 1936-ல் சட்டத்தால் நிலைநாட்டப்பட்டு 1939-ல் கட்டாயமாக்கப்பட்டது. முகாம், பாட்டு, கொடி, அணிவகுப்பு, மலையேற்றம், உல்லாசப் பிரயாணம் எல்லாம் அதில் உண்டு. அதில் வளர்ந்த பையன்களை, பெரும்பாலும் 1926-ல் பிறந்தவர்களை, 1943-ல் திரட்டி, அந்தப் பெயரையே வைத்து ஒரு எஸ்.எஸ். படைப் பிரிவு அமைத்தார்கள். நார்மண்டிக்கு வந்தபோது அதில் சுமார் 20,000 பேர். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு சிகரெட்டுக்குப் பதில் மிட்டாய் பங்கிட்டார்கள். அந்த மிட்டாய் தின்கிற வயதுக்காரர்களின் படைதான் ஜூன் மாதத்தில், கையைத் தூக்கிச் சரணடைந்த கனடாச் சிப்பாய்கள் 150 பேருக்கு மேல் கொன்றது. அவர்களில் சுமார் இருபது பேரை இந்த மடத்திலேயே சுட்டார்கள். இப்போது அங்கே ஒரு சிறு தோட்டமும் நினைவுக் குறியும் இருக்கின்றன. அங்கே தலைமை வகித்த கர்ட் மேயர் 1945 டிசம்பரில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு, 1954-ல் விடுதலையும் ஆகிவிட்டான்.

தோழர்களே! இந்தப் பையன்கள் பிறக்கும்போதே கொலைகாரராய்ப் பிறந்தார்களா? அவர்கள் கெட்டது ஒரு வாலிபர் சங்கத்தில்! "தலைவர் சொன்னால் சரி, கேள்வி கேட்பது துரோகம்" என்று பத்து வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளை வரிசையாய் நிறுத்தி, கொடி தூக்கி, வீரப்பாட்டுப் பாடி, செத்தவர்களின் கல்லறைக்கு மார்ச் செய்து அழைத்துப் போகும் எந்தச் சங்கமும், அது எந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டிருந்தாலும், இந்த மடத்தின் வாசலில் நின்று தன்னைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். நம் தலைவர் தப்பு சொன்னால் "இது தப்பு" என்று சொல்லும் பையன் நம் சங்கத்தில் எத்தனை பேர்? அவனை நாம் மெச்சுகிறோமா, வெளியே தள்ளுகிறோமா? இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு தூரம் போகலாம்.

கல்லறைகள்

கோல்வில் ஊரில் அமெரிக்கர் கல்லறை 9,380-க்கும் மேல். எல்லாம் வெள்ளைக் கல், கடலைப் பார்த்த மேட்டில், அழகாய் இருக்கும். அழகாய் இருப்பதுதான் அதிலுள்ள அபாயம். சாவு இவ்வளவு அழகாய் இருந்ததில்லை. ஆகவே அதைப் பார்த்த அன்றே லா காம்ப் என்னுமிடத்திலுள்ள ஜெர்மானியர் கல்லறைக்கும் போக வேண்டும். அங்கே சுமார் 21,000 பேர். கறுத்த கல், தாழ்ந்த கல். பிறந்த வருஷத்தைப் படித்துப் பார்த்தால் பிள்ளைகள் தங்கள் வயதைக் காண்பார்கள்.

"எதிரியும் மனுஷன்தானே" என்று இரக்கப்படுவது சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் அதுவும் பாதிப் பொய். 1944 ஜூன் 10-ந் தேதி ஒராதூர் கிராமத்தில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் 643 பேரைக் கொன்ற படையை நடத்தின டீக்மனும் அதே லா காம்ப்பில்தான் புதைக்கப்பட்டிருக்கிறான். அவனும், வலுக்கட்டாயமாய்ப் பிடித்து வரப்பட்ட பையனும் ஒரே மண்ணில், ஒரே மாதிரிக் கல்லின் கீழ். கல் வித்தியாசம் காட்டாது. புத்திதான் வித்தியாசம் காண வேண்டும்.

இங்கிலீஷ் ஏகாதிபத்தியத்தின் படைக் கல்லறைகளில் அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே கல். இது 1917-ல் அந்தக் கமிஷன் ஏற்பட்ட காலத்துக் கொள்கை. பேயோ ஊரில் சுமார் 4,600 கல்லறைகளில் இதைக் காணலாம். ஜெர்மானியர் பலரும் அங்கே பக்கத்திலேயே கிடக்கிறார்கள். நல்ல கொள்கை என்று நாமும் மெச்சுகிறோம். ஆனால் அதே கமிஷன் 2021-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை என்ன சொல்லுகிறது? முதல் உலக யுத்தத்தில் செத்த ஆப்பிரிக்கர், இந்தியர் முதலியவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் கூடப் பொறிக்கப்படவில்லை அல்லது நினைவுக்குறியே வைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறது. சமத்துவம் பிரான்சு தேசத்துக் கல்லறையோடு நின்றுவிட்டது! உயிரைக் கேட்கும்போது நிறம் பார்க்காதவர்கள், பெயரை வெட்டும்போது பார்த்தார்கள்.

காட்சிச்சாலையில் யார் இல்லை?

காட்சிச்சாலைக்குள் போனால் "இங்கே என்ன இருக்கிறது?" என்று பார்ப்பது பாதி வேலை. "இங்கே யார் இல்லை?" என்று தேடுவது மறு பாதி. தளபதியின் தொப்பி இருக்கும், அவன் குடித்த கோப்பை இருக்கும். அந்தக் கரை நெடுகக் கோட்டை கட்ட மண் சுமந்த கட்டாயக் கூலிகள் எங்கே? குண்டு விழுந்த கான் நகரத்து ஜனங்கள் எங்கே? (1988-ல் திறக்கப்பட்ட கான் நகரக் காட்சிச்சாலை இதில் ஓரளவு தேவலை. யுத்தம் எப்படி வந்தது என்பதிலிருந்தே அது தொடங்குகிறது.)

ஒமாஹாவில் இறங்கியவர்களில் 320-வது பலூன் பட்டாளம் என்ற கறுப்பு அமெரிக்கர் பட்டாளம் ஒன்றும் உண்டு. அதில் வேவர்லி உட்சன் என்ற வைத்திய உதவியாளர், தான் காயப்பட்டும் சுமார் முப்பது மணி நேரம் ஓயாமல் 200 பேருக்கு மேல் சிகிச்சை செய்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய் உண்ணாத, ஒன்றாய்த் தங்காத இராணுவம் அது. இன ஆணவம் பிடித்த ஹிட்லரை ஒழிக்க நிறப்பிரிவினை பார்க்கும் சேனையை அனுப்பினார்கள்! அந்தப் பிரிவினையை நீக்கும் உத்தரவு 1948-ல்தான் பிறந்தது. உட்சன் 2005-ல் செத்தார். அவருக்குரிய உயர்ந்த பதக்கம் 2024-ல் கிடைத்தது.

திரும்பி வந்த பிறகு

ஜெர்மனியில் யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் சங்கம் 1953-முதல் பல தேசத்து வாலிபர்களை முகாம் போட்டுக் கூட்டி, கல்லறைகளைத் தங்கள் கையாலேயே சீர்படுத்தும்படி செய்து வருகிறது. கொன்றவன் பேரனும் கொல்லப்பட்டவன் பேரனும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். இது பத்துப் பிரசங்கத்துக்குச் சமம். ஒரு வாலிபர் குழுவின் திட்டத்தில் இப்படி அரை நாளாவது கைவேலை இருக்க வேண்டும். அதே போல அரை மணி நேரமாவது ஒருவரும் பேசாமல், படம் பிடிக்காமல், கடலைப் பார்த்து உட்காரும் நேரமும் இருக்க வேண்டும்.

ஊர் திரும்பின பிறகு, போய் வந்த ஒவ்வொருவரும், போக முடியாதவர்கள் முன்னிலையில் நின்று, தான் கொண்டு போன கேள்வி என்ன, கிடைத்த விடை என்ன, கிடைக்காமல் போனது என்ன என்று பத்து நிமிஷம் பேச வேண்டும். கூட்டத்தார் மறுகேள்வி கேட்க வேண்டும். பொதுப்பணத்தில் போனவன் பொதுஜனத்துக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன்.

அன்று அந்த மணலில் இறங்கினவர்கள் பெரும்பாலும் இப்போது உயிரோடில்லை. மிச்சமிருப்பவர்களும் நூறு வயதை ஒட்டினவர்கள். இனி சாட்சி சொல்லப் போவது கல்லும், காகிதமும், அவற்றைப் பார்த்து வந்த வாலிபர்களுந்தான். சாட்சி செத்த பிறகுதான் புராணம் எழுதுகிறவன் பேனாவை எடுப்பான். அவன் எழுதத் தொடங்குமுன் நம் வாலிபர்கள் நேரில் பார்த்து, விசாரித்து, குறித்து வைக்கட்டும். நாளைக்கு ஒருவன் மேடையேறி "யுத்தத்துக்கு வா" என்று முரசடிக்கும்போது, "யாருக்காக? எதற்காக? கணக்கைக் காட்டு!" என்று கூட்டத்தில் எழுந்து கேட்பதற்குப் பத்துப் பேர் கிடைத்தால், அந்தப் பிரயாணத்துக்குச் செலவான பணம் வீண்போகவில்லை.